செவலையின் கால் புண்

குரும்பலூர்
தாரண வருஷம் கார்த்திகை 5

சிரஞ்சீவி செல்லப்பனுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே அப்பாவும் தங்கச்சி ஜானகியும் நானும் சுகம், பட்டாளத்தில் நீயும் சுகம் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். உன் போன கடிதத்தில் நீ இருக்கிற ஊர்ப் பேரைப் பட்டாளத்துத் தணிக்கையில் மை பூசி அழித்துவிட்டார்கள், எந்தத் திசையைப் பார்த்துக் கும்பிடுவது என்றுகூடத் தெரியவில்லை.

உன் நாய் செவலையைப் பற்றிக் கேட்டிருந்தாய், மறைக்காமல் சொல்கிறேன். ஐப்பசி பிறந்ததிலிருந்தே விடாத மழை. தினமும் என்னோடு பருத்திக் காட்டுக்கு வந்து போனதில் கரிசல் சேறு அதன் விரல் இடுக்கில் காய்ந்து கல்லாகி, நான் கவனிக்காமலே புண்ணாகிவிட்டது. ஒருநாள் காலையில் அதால் எழுந்து நிற்கவே முடியவில்லை. அப்பா பார்த்துவிட்டு, “இது இனிமே தேறாது, வண்டியில ஏத்தி எறையூர்க் கரும்புக் கொல்லைப் பக்கம் விட்டுட்டு வந்துடறேன்” என்றார். நான், “புள்ள வந்து நாய் எங்கன்னு கேட்டா நீங்களா பதில் சொல்வீங்க? அது எங்கயும் போவாது, நான் பார்த்துக்கறேன்” என்று சொல்லிவிட்டேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கே வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைத்தேன். மண்ணைப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும், ஊறினால் தானாகக் கரையும். அப்படியும் புண்ணில் கை பட்டதும் வெடுக்கென்று கடித்துவிட்டது, கட்டைவிரலில் ரத்தம். ஜானகி அழுதாள், அப்பா “பாத்தியா?” என்றார். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி உட்கார்ந்து நாலு காலையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பழைய வேட்டித் துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினேன். நாள் தவறாமல் இரண்டு வேளை. எட்டாம் நாள் காலைத் தரையில் ஊன்றியது, பதினைந்தாம் நாள் காடு வரைக்கும் நடந்தது, திரும்பி வந்ததும் தண்ணீர்த் தொட்டியருகே நின்று தானாகவே காலைத் தூக்கிக் கொடுத்தது.

போன வாரம் எனக்குக் குளிர்காய்ச்சல். செவலை அப்பாவோடு காட்டுக்குப் போயிருந்தது. திரும்பி வந்தால் கால் கழுவ ஆள் இல்லையே என்று நான் எழுந்திருக்கப் பார்க்கையில் கொல்லைப்புறத்தில் தண்ணீர்ச் சத்தம். எட்டிப் பார்த்தால் அப்பா வேட்டியை மடித்துக் கட்டித் தரையில் உட்கார்ந்திருக்கிறார். “ஆடாம நில்லுடா, அவ எழுந்து வந்தா என்னையில்ல கேப்பா” என்று அதனிடம் சொல்லிக்கொண்டே விரல் விரலாகத் துடைக்கிறார். நான் பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை, நீயும் எழுதிவிடாதே.

தம்பி, ஈர பூட்ஸோடு படுக்காதே, விரல் இடுக்கை நன்றாகத் துடைத்துக்கொள், யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். தை மாசம் ஜானகியைப் பெண் பார்க்க மீன்சுருட்டியிலிருந்து வருகிறார்கள், லீவு கேட்டுப் பார், கொடுக்காவிட்டால் மறுபடியும் கேள். குலசாமி உனக்குத் துணை நிற்கட்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் இரண்டு வரியாவது எழுதிப் போடு.

உன் வரவையே பார்த்திருக்கும் அம்மா,
அமிர்தவல்லி