ப்ளக் சொருகாத சிம்னி

மணவாள நகர், திருவள்ளூர்.
ஞாயிறு காலை.

அன்பு மகன் அன்புராஜுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் பெரும்பாலும் நலம். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை யோசித்தே சேர்த்திருக்கிறேன். காரணம் கீழே வரும். நீ ராட்டர்டாமில் குளிருக்குத் தக்கபடி உடுத்தி, வேளைக்கு உண்டு, உடல் நோகாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இது தொலைபேசியில் சொல்லக்கூடிய செய்திதான். ஆனால் உன் அம்மா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், நான் பேசத் தொடங்கினால் செய்தியின் வரிசையும் குலைந்துவிடுகிறது, ஆகவே எழுதுகிறேன். எழுதுவது அவளுக்குத் தெரியும். “எழுதிக்கோங்க, ஆனா ஐயோ பாவம்னு எழுதாதீங்க, அவன் பயந்துக்குவான்” என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்திருக்கிறது.

பொங்கலுக்குப் பிறகு நம் வீட்டுச் சமையலறையில் புகை மிகுந்துவிட்டது என்று நான் உனக்குச் சொன்னதும், சிம்னி வைக்கலாம் என்று நீ சொன்னதும் நினைவிருக்கும். அடுப்புக்கு நேர் மேலே ஜன்னல் இருப்பதால், வழக்கமான சிம்னியை மாட்டினால் ஜன்னல் மறையும். அதற்கு உன் அம்மா ஒப்பவே இல்லை. வெளிச்சம் போய்விடும் என்றாள். விளக்குப் போட்டுத் தருகிறேன் என்றேன். விளக்கு வெளிச்சம் வேறு, ஜன்னல் வெளிச்சம் வேறு என்றாள். அவள் பிடிவாதக்காரி அல்ல என்பது நீ அறிந்ததே. இந்தப் பிடிவாதத்தின் காரணம் அப்போது எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் நீ, உன் வீட்டில் உள்ளதுபோல் அடுப்பின் பக்கத்திலிருந்தே புகையைக் கீழே இழுத்துக்கொள்ளும் டவுன்டிராஃப்ட் சிம்னியைச் சொன்னாய். புகை மேலே போவது இயற்கை என்று படித்தவன் நான். அதைக் கீழே போகச் சொல்வது எந்த விதியின்படி என்று எனக்கு இன்றளவும் குழப்பம்தான். கடைக்காரர் ஒருவர், வெளியே குழாயே தேவையில்லை, உள்ளிருக்கும் ஃபில்டர் சுத்தம் செய்து காற்றை அறைக்கே திருப்பித் தரும் என்றார். அறையில் எடுத்ததை அறைக்கே தருவது எவ்வாறு வெளியேற்றம் ஆகும் என்று கேட்டேன். அவர் எனக்கு மோர் கொடுத்தார். இன்னொரு கடையில், குழாய் இல்லாவிட்டால் அது வெறும் மின்விசிறி என்றார்கள். இருவருமே உறுதியாகச் சொன்னார்கள். முடிவில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்குத் தகரக் குழாய் வேலை செய்யும் கவரைப்பேட்டை சாம்சனை அழைத்துக் கேட்டேன். “பொகைக்கு மேல கீழல்லாம் தெரியாது சார், எவன் வேகமா இழுக்கிறானோ அவன் பின்னாடி பூடும், ஓட்டு மாதிரி” என்றார். விளக்கம் எனக்குத் திருப்தியளிக்கவில்லை. ஆனால் குழாய் வைத்த முறையையே தேர்ந்தெடுத்தோம்.

அதில் வேறு சில சிக்கல்கள் எழுந்தன. இழுக்கும் பெட்டி மேடைக்கு அடியில் அமர வேண்டியிருந்ததால், சிலிண்டரை வெளிச் சந்துக்கு மாற்றிச் சுவர் வழியே இணைப்புக் கொடுக்க வேண்டியதாயிற்று. புகைக் குழாயும் அதே சந்தில், ஆனால் சிலிண்டருக்கு எட்டாத மறுகோடியில் திறக்கிறது. சந்துக்கு அப்பால் அஞ்சம்மாள் வீட்டுச் சுவர் இருப்பதால், பின்னாளில் தகராறு வரக்கூடாதென்று அவரிடம் ஒப்புதல் எழுதி வாங்கச் சென்றேன். “இன்னா சார் நீ, உங்க ஊட்டு கொழம்பு வாசன எங்க ஊட்டுக்கு வந்தா எனக்கு லாபம்தான, அதுக்குப் போய் கையெழுத்து கேட்டுக்கினு” என்று சிரித்தார். கையெழுத்து இடவில்லை. அதற்குப் பதிலாக, வேலை முடிகிற அன்று கருவாட்டோடு வந்தார். கருவாடு வறுத்தால்தான் மிஷினின் யோக்கியதை தெரியும் என்பது அவர் வாதம்.

இனி எழுதுவதைப் பொறுமையாகப் படி. அன்று சாம்சன் பெட்டியைப் பொருத்திவிட்டு, மோட்டார் ஓடுகிற சத்தமே காதில் விழாது என்று பெருமையாகச் சொல்லி, குழாயின் வெளி முனையைப் பார்க்கச் சந்துக்குப் போனார். உன் அம்மா, எல்லாம் தயார் என்று எண்ணி அடுப்பைப் பற்றவைத்துக் கருவாட்டை எண்ணெயில் போட்டாள். நான் முன்னறையில் ஒரு கிரயப் பத்திரம் பார்த்துக்கொண்டிருந்தேன்; வாடை என் மேசை வரை வந்து, என் எதிரே இருந்த கட்சிக்காரர் துண்டால் மூக்கைப் பொத்தினார். எழுந்து உள்ளே போனேன். உன் அம்மா கரண்டியோடு அடுப்பின் முன் நின்றபடி, மலர்ந்த முகத்தோடு, “சுத்தமா இழுத்துக்குதுங்க, ஒரு துளி வாசன இல்ல, புள்ள நல்ல சாமான்தான் சொல்லியிருக்கான்” என்றாள். அந்த நேரம் சாம்சன் சந்திலிருந்து தலையை நீட்டி, “அக்கா, நான் இன்னும் ப்ளக்கே சொருகலியே” என்றார். அஞ்சம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “இன்னாக்கா, ஓடாத மிசினுக்கு நீயே சர்டிபிகேட் குடுக்கற, கருவாடு தெருக்கோடி வரைக்கும் பூட்ச்சி!” என்று தோளில் தட்டினார். உன் அம்மாவும் சிரித்தாள். ஆனால் மற்றவர்கள் சிரித்து முடிக்கும்போதுதான் தொடங்கினாள். நான் சிரிக்கவில்லை.

எல்லோரும் போன பின், மாலையில் அவளிடம் நேரடியாகக் கேட்டேன். முதலில் ஜலதோஷம் என்றாள். பிறகு புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே, பொங்கல் சமயத்தில் ஒரு காய்ச்சல் வந்ததே, அதிலிருந்து எந்த வாசனையும் தெரிவதில்லை என்றாள். காபித்தூள், மல்லிகை, பெருங்காயம், எதுவும் இல்லை. ஏன் சொல்லவில்லை என்றதற்கு, “சொன்னா இன்னா பண்ணுவீங்க, சமையல்கட்டுக்குப் பூட்டு போடுவீங்க” என்றாள். அன்புராஜ், அப்போதுதான் ஒவ்வொன்றாக எனக்குப் புலப்பட்டது. வீட்டில் புகை மிகுந்ததற்குக் காரணம் காற்றோட்டக் குறைவு அல்ல. கருகுவது அவளுக்குத் தெரியாததுதான். அவள் ஜன்னலை விடாததற்குக் காரணமும் அதுவே. கடுகு வெடிப்பது காதுக்குக் கேட்கும், மிளகாய் சிவப்பதை வெளிச்சத்தில் பார்த்தால்தானே தெரியும் என்றாள். ஆக, நாம் தேர்ந்தெடுத்ததும் வாங்கியதும் பொருத்தியதும் வேறொரு கோளாறுக்கான பொருள்.

உடனே நான் செய்தது, ரெகுலேட்டரை மூடியதுதான். வாயு கசிந்தால் மூக்குக்குத் தெரிய வேண்டும் என்றுதானே அதில் வாடை சேர்க்கிறார்கள்? காலை எழுந்ததும் முதலில் தீக்குச்சி உரசுபவள் அவள். இத்தனை மாதம் எதுவும் நேராதது எங்கள் அதிர்ஷ்டம். மறுநாளே கசிவு எச்சரிக்கைக் கருவி ஒன்று வாங்கி, சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம் என்பதால் தரையை ஒட்டிப் பொருத்தச் செய்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சமையலுக்கு ஆள் வைப்போம், அல்லது இன்டக்‌ஷன் அடுப்புக்கு மாறுவோம் என்றேன். “எரியறதையும் பாக்காம நான் எதப் பாத்து சமைக்கிறது? ஆள் வச்சிட்டா அப்புறம் நான் இன்னாத்துக்கு?” என்று கேட்டாள். பாதுகாப்பு என் பக்கம், நியாயம் அவள் பக்கம் என்று தோன்றியது. இப்படி ஒரு வழக்கை நான் பார்த்ததில்லை. காது மூக்கு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். திரும்ப வரலாம், வராமலும் போகலாம், கிராம்பையும் எலுமிச்சையையும் தினமும் முகர்ந்து பழகட்டும் என்றார். எது எத்தனை நாளில் என்று கேட்டேன். அவர் உறுதி தரவில்லை.

இப்போது ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். சமையல் நேரத்தில் நான் அடுப்பருகே நிற்க வேண்டும். வாசனையைச் சொல்ல வேண்டும். முதல் நாள், மணமாக இருக்கிறது என்றேன். “மணமா இருக்குன்னா இன்னாங்க? பச்சையா இருக்குதா, வெந்துடிச்சா, கருகப் போவுதா? சரியா சொல்லுங்க” என்று கரண்டியால் மேடையைத் தட்டினாள். எத்தனையோ சாட்சிகளை இப்படித் தடுத்துத் தெளிவுபடுத்தச் சொன்னவன் நான். ஆனால் வறுபடுவதற்கும் கருகுவதற்கும் நடுவே இருக்கும் வாசனைக்கு என்ன பெயர் என்று எனக்கு உண்மையில் தெரியவில்லை. மேலும் இந்த சிம்னி, ப்ளக் சொருகிய பிறகு, வாக்களித்ததைவிட நன்றாக வேலை செய்கிறது. ஓடவிட்டால் தாளிப்பு வாசனை என் மூக்கை எட்டுவதற்குள் கீழே போய்விடுகிறது. நான் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஆகவே, நான் “ஆயிற்று” என்று சொல்லும் வரை அதை அணைத்து வைத்திருக்கிறோம். சொன்ன பிறகு அவள் சுவிட்சைத் தொடுவாள். நேற்று மிளகாயை நான் சற்றுத் தாமதமாகச் சொல்லிவிட்டேன், இருவரும் இருமினோம். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

சோழவரம் சித்தப்பா மகள் மோனிகாவுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது. ஒரு வார்த்தை வாழ்த்திப் பேசு. உன் வீட்டுப் புகை எச்சரிக்கைக் கருவியின் பேட்டரியைச் சோதித்துப் பார். உடல்நலமும் நற்பெயரும் குறையாமல், உன்னை நம்பி நிற்கிறவர்களுக்கு நிழலாக நீ நீடூழி வாழ வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். ஒன்றை மறவாதே. வீடியோவில் பேசும்போது உன் அடுப்பைக் காட்டச் சொல்லி, என்ன வாசனை வருகிறது என்று அம்மா அடிக்கடி கேட்கிறாள் அல்லவா? விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நீயும் நானும் எண்ணியிருந்தோம். இனி கேட்டால், ‘நல்லா இருக்கும்மா’ என்று முடித்துவிடாதே. பச்சையா, வெந்ததா, கருகப் போகிறதா, சரியாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சந்திரமோகன்.