அம்மா ஜீப்பில் ஏறாத நாலு மாதம்

மேலக்குடியிருப்பு,
அரிமளம் வழி.
மாசி 27

அன்பு மகள் கலைமதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மாடும் கன்றும் சுகம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ஹரிணியும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறோம். எப்போதும் சுகம் என்ற ஒரு சொல்லோடு அடுத்த வரிக்குப் போய்விடுவேன், இந்தமுறை அதைக் கொஞ்சம் விரித்து எழுத வேண்டியிருக்கிறது. நல்லதம்பி மகன் ஞாயிற்றுக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறான். அவனிடம் முந்திரிப்பருப்பும் அம்மா அரைத்த மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுகிறோம், இந்தக் கடிதமும் அந்தப் பையிலேயே வரும். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறவர்களுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அதோடு, சில விஷயங்களை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு வாய் வராது.

நீ வாங்கி அனுப்பிய அடி எண்ணும் கடிகாரத்தை அம்மா கையிலிருந்து கழற்றுவதே இல்லை. போன வாரம் நீ உன் போனில் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, அம்மா ஒரு நாளைக்கு ஒன்பதாயிரம் அடி நடக்குறாங்க, ஒங்களுக்குத்தாம்ப்பா சோம்பேறித்தனம் என்று சொன்னாய். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். மூட்டுவலிக்கு டாக்டர் நடக்கச் சொன்னார் என்று அம்மா உன்னிடம் சொன்னது பொய். ஜீப்பின் முன்பக்கத் தடுப்புக் கார்டு துருப்பிடித்து விழுந்துவிட்டது என்று நான் சொன்னதும் பொய். ஐப்பசி கடைசியில் நடந்த ஒரு காரியத்துக்குப் பிறகு அம்மா நம் ஜீப்பில் ஏறுவதில்லை. வயலுக்குக் கண்மாய்க்கரையைச் சுற்றி நடந்தே போய் நடந்தே வருகிறாள், உன் ஒன்பதாயிரம் அடி அதுதான்.

முப்பத்தொரு வருடம் ஆபீஸ் ஜீப் ஓட்டினேன், ஒரு கோழிகூட என் சக்கரத்தில் விழுந்ததில்லை என்று நான் பெருமையடிப்பதைக் கேட்டுக் கேட்டு உனக்குச் சலித்திருக்கும். ரிட்டயர் ஆனபோது அதே ஜீப்பை ஏலத்தில் எடுத்தேன் அல்லவா, அப்போது அதன் முன்னால் இரண்டு கொக்கிகள் இருந்தன. கனத்த இரும்பு, கறுப்பாக, பார்க்க லட்சணமாக இருக்காது. சேற்றில் மாட்டினால் கயிறு கட்டி இழுப்பதற்காக சேஸில், அதாவது வண்டி மொத்தத்தையும் தாங்குகிற அடிச்சட்டத்தில், நேராக முடுக்கியிருந்தார்கள். உன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு நம் ஜீப்பில்தான் என்று முடிவானதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கொக்கி இரண்டையும் கழற்றிப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டு, பளபளவென்று ஸ்டீல் குழாயில் ஒரு கார்டு செய்து, நடுவில் உன் பேரை வெட்டி ஒட்டி மாட்டினேன். ஊரே பார்த்துப் பேசியது. இதைப் படித்துவிட்டு என் கல்யாணத்தால்தானே என்று நீ மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. அழகு பார்த்தது நான்.

ஐப்பசியில் அந்த நாள் ஜீப்பில் உர மூட்டை இருந்தது. மழை விட்டு இரண்டு நாள்தான், கரையைச் சுற்றிப் போங்க என்று அம்மா சொன்னாள். நான் கேட்காமல் கண்மாய்க்குள் இறக்கினேன். மடைக்குப் பக்கத்தில் முன்சக்கரம் இரண்டும் அச்சுவரை புதைந்துவிட்டன. பக்கத்து வயல் நாகராசு தன் ட்ராக்டரைக் கொண்டுவந்தான். கோட்டைப்பட்டினத்தில் படகுக்காரர்களிடம் வாங்கிய நைலான் கயிறு கைவசம் இருந்தது, அதை அந்தக் கார்டில் கட்டினேன். அம்மா வெளியே நின்றுகொண்டு, அந்தப் பளபளப்புல கட்டாதீங்க, அது பாக்கத்தான் லாயக்கு என்றாள். வண்டி ஓட்டுறவனுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சுபோச்சாக்கும் என்று நாகராசு முன்னாலேயே எரிந்து விழுந்தேன். அவள் ட்ராக்டர் பக்கம் போய் நின்றாள். நாகராசு இழுத்தான். நைலான் கயிறு இழுக்க இழுக்க நீளும், நீண்டது. அடுத்த நொடி கார்டு பிய்ந்து கயிற்றோடு பறந்து ட்ராக்டரின் பெரிய சக்கரத்துக்கு மேலே உள்ள தகட்டில் போய் அடித்தது. தகடு நசுங்கி உள்ளே போய்விட்டது. அதற்கு நேர் முன்னால்தான் அம்மா நின்றிருந்தாள். சேற்றில் மாட்டிய செருப்பை எடுக்க அந்த நேரம் பார்த்துக் குனிந்திருந்தாள் கலைமதி, அதனால்தான் தப்பினாள். அவள் நிமிர்ந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அப்படியே நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு சமைத்தாள், பேசினாள், எல்லாம் வழக்கம்போலத்தான், ஜீப்பில் மட்டும் ஏறவில்லை. நானும் ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றிருந்தேன். பொங்கல் கழித்து ஆவுடையார்கோவிலுக்குப் போனோம் என்று போட்டோ அனுப்பினோமே, அவள் பஸ்ஸில் போனாள். நான் என்ன செய்தேன் தெரியுமா, அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே காலி ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நிற்கும், நானும் நிற்பேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்டக்டர் எட்டிப் பார்த்து, யாராச்சும் எறங்கணுமா ஐயா என்று கேட்டான். சிரித்துவிடு, பரவாயில்லை, எனக்கும் இப்போது சிரிப்புத்தான் வருகிறது.

கோயிலிலிருந்து வந்த மறுநாள் அரிமளத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற செந்தமிழனிடம் வண்டியை விட்டேன். அவன் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, கம்பெனில போட்டு வந்த கொக்கி எங்கய்யா போச்சு என்றான். சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. கார்டு நாலு பொடி போல்ட்டில் தகட்டோடு நின்றிருக்கிறது, இழுக்கிற இழுப்பு சேஸுக்குப் போக வேண்டும் என்றான். வெல்டு வைத்துவிடேன் என்றேன். இரும்பு பழசு, சூட்டில் வெல்டு ஓரமாகவே விட்டுப்போகும், துளையில் கெட்டி போல்ட் விட்டு உள்பக்கம் கனத்த தகடு கொடுத்து முடுக்கினால்தான் நிற்கும் என்றான். புதுக்கொக்கிக்குப் புதுக்கோட்டையில் சொன்ன விலைக்கு ஒரு வெள்ளாடு வாங்கலாம். அதனால் உடைத்த வண்டிகளைப் போட்டு வைத்திருக்கும் இடங்களில் ஒரு வாரம் அலைந்து, நம் ஜீப்புக்குச் சேர்கிற கொக்கி ஒன்றைப் பிடித்தேன். இன்னொன்று எங்கேயும் கிடைக்கவில்லை.

அதை வீட்டில் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தவள் எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போனாள். மாட்டை அவிழ்த்து வேப்பமரத்தில் கட்டிவிட்டு, ஸ்பேனர் எடுத்துட்டு வாங்க என்று குரல் கொடுத்தாள். போய்ப் பார்த்தால், கம்பத்தில் மாடு கட்டுவதற்கு முடுக்கியிருந்தது நம் ஜீப்பின் பழைய கொக்கி! நான் இரும்புக்காரனுக்குப் போட்ட அன்றைக்கே அவன் சாக்கில் இருந்து ஒன்றை மட்டும் திரும்ப வாங்கி வைத்திருக்கிறாள். தூக்கிப்போடுற சாமானா இது என்று மட்டும் சொன்னாள். ஏழு வருடமாக அந்தக் கொட்டகைக்குள் போய் வருகிறேன், என் கண்ணில் பட்டதே இல்லை.

போன புதன்கிழமை வேலை முடிந்தது. முன்னால் இரண்டு கொக்கி, பின்னால் இருந்த கொக்கிக்கும் தகடு கொடுத்துப் பலப்படுத்தியாயிற்று. இழுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று மடைக்குப் பக்கத்தில் அதே பள்ளத்தில் நானே ஜீப்பை இறக்கிப் புதைத்தேன். நாகராசு வந்தான், அண்ணே ஒங்களுக்கு வேற வேலையே இல்லையா என்று கேட்டுக்கொண்டே வந்தான். கயிற்றை இரண்டு கொக்கிக்கும் பிரித்துக் கட்டி, நடுவில் நனைத்த சாக்கை மடித்துப் போட்டோம். அறுந்தாலும் சாக்கின் கனம் கயிற்றைக் கீழே தள்ளிவிடும் என்று செந்தமிழன் சொல்லியிருந்தான். அம்மா கரைமேல் தள்ளி நின்று பார்த்தாள். ஜீப் சத்தமில்லாமல் ஏறி வந்துவிட்டது, கொக்கி இம்மியும் அசையவில்லை. நான் இறங்கி அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அவள் நடந்து போய்விட்டாள்.

ராத்திரி சாப்பிடும்போது எனக்குப் பொறுக்கவில்லை, இன்னும் என்னதான் செய்யணுங்கிற என்று கேட்டேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, கொக்கி தாங்கும்னு பாத்துட்டேன், நான் ஒண்ணு சொன்னா நீங்க கேப்பீங்களான்னுதான் இன்னும் பாக்கல என்றாள். இத்தனை நாளும் நான் இரும்பைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன் கலைமதி. எனக்கு வெட்கமாக இருந்தது.

நேற்று வயலில் இருந்து நாலு மூட்டை நெல் ஏற்றி வந்தேன். அம்மா முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தாள். கண்மாய்க்குள் இறங்குகிற இடத்தில் ஜீப்பை நிறுத்தி, செவந்தி, எறக்கவா சுத்திப் போகவா என்று கேட்டேன். இந்த ஜீப்பை வாங்கிய நாளில் இருந்து நான் அப்படிக் கேட்டதில்லை. அவள் திரும்பி வந்து மண்ணைக் காலால் மிதித்துப் பார்த்தாள். எனக்கு அது காய்ந்த மண்ணாகத்தான் தெரிந்தது. சுத்திப் போங்க என்றாள். சரி என்று பின்னால் எடுத்துத் திருப்பினேன். திருப்பி முடிப்பதற்குள் பக்கத்துக் கதவு திறந்தது, ஏறி உட்கார்ந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ரோடு தெளிவாகத் தெரியாமல் இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நீங்கள் வெள்ளிக்கிழமைகளில் மணலுக்குள் வண்டியை இறக்குகிறீர்கள் என்று ஹரிணி சொன்னாள். கயிறு எதில் கட்டுகிறார்கள் என்று குனிந்து பார், இழுக்கும்போது பிள்ளையைத் தூரத்தில் நிறுத்து. உனக்குச் சரியாகப் படாததை வாய்விட்டுச் சொல், சொன்னது மாப்பிள்ளை காதில் விழும்வரை சொல். நான் எழுதினேன் என்று அவரிடம் காட்ட வேண்டாம். மிளகாய்த்தூளை ஈரக்கை படாமல் எடு. குடும்பத்தோடு நீண்ட ஆயுளும் நிறைந்த மனதுமாக நீ இருக்க வேண்டும், பேத்திக்கு எங்கள் இருவரின் முத்தம். ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. இனிமேல் கடிகாரத்தில் அம்மாவின் அடி குறைந்துகொண்டே வரும். உடம்புக்கு என்னவோ என்று பதறிப் போன் போடாதே, எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு அம்மா என்னோடு வருகிறாள் என்று நினைத்துக்கொள்.

உன் அன்பு அப்பா,
ரத்தினவேல்