காவுகிற அலை

உன்னை மண் கொல்லவில்லை. தோட்டத்து ஆபீஸ் கொன்றது.

இன்று நாவலப்பிட்டி தேத்தண்ணிக் கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. தூரத்தில் மின்னல் வெட்டியதும் பாட்டுக்கு நடுவே கரகரவென்று இரைந்தது. கடைக்காரர் அதன் தலையில் தட்டினார். நீ இருந்திருந்தால் அவரோடு சண்டைக்குப் போயிருப்பாய்.

ஹுன்னஸ்கிரியவில் நம் லயத்து வீடுகளுக்குக் கீழே, காப்பிக் காலத்துக் கிடங்கின் இடிந்த சுவரோரம்தான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தோம். பௌதிகவியல் புத்தகத்தில் 'காவி அலை' என்று வந்ததும் நான் கேட்டேன்: "சாமியாரு கட்டுற காவியாடி?"

புத்தகத்தாலேயே அடித்தாய். "லூசு! யாழ்ப்பாணத்துல தூக்கிட்டுப் போறத காவுறதுன்னு சொல்வாங்க. நம்ம பேச்சத் தூக்கிட்டுப் போற அலை."

பிறகு வரைந்து காட்டினாய். ஒரே உயரத்தில் நெருக்கமாக ஓடும் அலை. குரலை ஏற்றினால், விநாடிக்கு எத்தனை அலை என்பது மாறாது. குரலுக்கேற்ப உயரம் மட்டும் கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தைப் பிரித்தெடுத்து ரேடியோ திரும்பவும் குரலாக்கும். வீச்சப் பண்பேற்றம் என்ற பெரிய பெயருக்குள் இவ்வளவுதான்.

"மின்னலும் அந்த உயரத்துலதான் கை வைக்குது. எது பேச்சு, எது மின்னல்னு ரேடியோவுக்குத் தெரியாது" என்றாய்.

அந்த மழை நாள் காலைச் செய்தியில் மண்சரிவு எச்சரிக்கை வந்தது. எந்தத் தோட்டம் என்று சொன்ன இடத்தை இரைச்சல் விழுங்கிவிட்டது. என்னையும் இழுத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினாய். ஜன்னலில், தோட்டத்துக்கு வரும் கடிதங்களைப் பிரிக்கும் பெரிய கிளாக்கர்.

"ஐயா, எந்தத் தோட்டம்னு கேட்டுச் சொல்லுங்க."

"நம்ம தோட்டம் இல்ல புள்ள. ரேடியோ இரைஞ்சா மலை எறங்கிருமா? போங்க, போங்க."

நீ நம்பவில்லை. மேல் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த உன் அம்மாவைக் கூட்டிவரப் போனாய். அம்மா உன்னைத் திட்டிக்கொண்டே முன்னால் இறங்கி வந்துவிட்டார். மலை இறங்கியது. பின்னால் வந்த நீ வந்து சேரவில்லை.

இரைச்சல் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் நம் மேல் மலையின் பெயரை உறையிலேயே போட்ட எச்சரிக்கைக் கடிதம், நாம் போவதற்கு முன்பே கிளாக்கரின் மேசைக்கு வந்திருந்தது. கொண்டுபோய்க் கொடுத்த தபால்காரரே, நீ போன எட்டாம் நாள் என்னிடம் சொன்னார்.

இப்போது நான் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். காவி அலை என்றதும் யாராவது ஒருத்தி சிரிப்பாள். நீ வரைந்த படத்தையே நானும் வரைவேன்.

போன கிழமையும் அந்த ஜன்னலுக்குப் போனேன். கிளாக்கர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவையும் கேட்டேன்.

"அந்தக் கடிதத்த எத்தன மணிக்குப் பிரிச்சீங்க? சொல்லுங்க ஐயா."