கத்தார் என்று போட்டுத் தேடினேன்

13 பெப்ரவரி 2024, செவ்வாய்

இவர் வீட்டை விட்டுப் போய் இன்றோடு நாலு கிழமை. கம்சாயினி பள்ளிக்கூடத்தில் "அப்பா கத்தார்ல" என்று சொல்லியிருக்கிறாள். சொல்லிக்கொடுத்தது நான். எனக்குச் சொன்னது இவருடைய அக்கா புஸ்பம்: "தம்பி கத்தாருக்குப் போயிட்டான் மச்சாள். நம்பரும் மாத்திட்டான். எனக்கும் எடுக்கிறானில்ல." நாலு கிழமைக்குள் விசாவா என்று கேட்க வாய் வரை வந்தது. நம்பிக்கொண்டு இருப்பது சுகமாக இருந்தது, கேட்கவில்லை.

14 பெப்ரவரி, புதன்

நடந்ததை ஒருமுறை எழுதிவிட்டால் நெஞ்சு ஆறுமா? பார்ப்போம்.

பொங்கலுக்கு அடுத்த நாள். முன்பின் தெரியாத ஆட்களோடு வீடியோவில் பேசும் ஆப் ஒன்று இவர் போனில். முகம் பிடிக்காவிட்டால் விரலால் தள்ளினால் போதும், அடுத்த முகம் வரும். எந்த நாடு, ஆணா பெண்ணா என்று கேட்டும் வாங்கலாமாம். இவர் கேட்டு வைத்திருந்தது பெண், உக்ரைன். 'ஹாய்', 'பியூட்டிஃபுல்' இரண்டுக்கும் மேல் இங்கிலீஷ் தெரியாத மனிசன்.

நான் கத்தினேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு அந்தச் சொல் வந்தது. "இது என்ட வீடு. வெளியே போங்க."

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான் சீதனம். அம்மா எனக்கு எழுதித் தந்தார், நான் கம்சாயினிக்கு எழுதுவேன். கட்டி வந்தவன் எத்தனை வருசம் இருந்தாலும் அது அவனுடையதில்லை. ஆனால் அதை எவளும் வாயால் சொல்வதில்லை. நான் சொன்னேன். அவர் சேர்ட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

20 பெப்ரவரி, செவ்வாய்

புளியந்தீவில் நான் வேலை செய்யும் போட்டோகொப்பிக் கடையில் என்னோடு நிற்கிற பிள்ளை டினோஷா. அந்த ஆப்பை என் போனிலும் ஏற்றித் தந்தாள். கொயின் வாங்கினால் நாட்டைத் தெரிவுசெய்யலாம். கத்தார் என்று போட்டேன்.

"அது மட்டும் காணாது அக்கா. அவரும் இலங்கை எண்டு போட்டிருக்கணும். அப்பதான் ரெண்டு பேரும் சந்திப்பீங்க."

அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். இவர் அகப்பட்டால் உக்ரைனை விட்டுவிட்டார் என்றுதானே அர்த்தம்? எங்கள் பக்கம் பார்க்கிறார் என்றுதானே?

27 பெப்ரவரி, செவ்வாய்

கமராவுக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறேன். கறுப்புத் திரையிடம்கூட ஆண்கள் கேட்பதை எழுதக் கூசுகிறது. ஒரு நேபாளத்தான் மட்டும் தன் மகளின் படத்தைக் காட்டினான்.

3 மார்ச், ஞாயிறு

இன்றும் இல்லை.

17 மார்ச், ஞாயிறு

கொயின் முடிந்துவிட்டது. காசு போடாவிட்டால் அந்த ஆப் கிட்ட இருக்கிற ஆட்களைத்தான் காட்டும். மத்தியானம், கம்சாயினி வகுப்புக்குப் போயிருந்தாள். பழக்கதோஷத்தில் திறந்தேன்.

மூன்றாவது முகம் இவர்.

தலை வாரி, பவுடர் போட்டு. என் கறுப்புத் திரையைப் பார்த்துச் சிரித்து, "ஹாய், எந்த ஊர்?" என்றார். ஒன்பது வருசத்தில் என்னிடம் பேசாத குரல். மட்டக்களப்பு என்று எழுதினேன்.

"ஆ, நம்மட ஊர். நான் கத்தார்ல இருக்கன். இஞ்ச சரியான சூடு."

தலைக்குப் பின்னால் பச்சைச் சுவர். கிரானில் புஸ்பத்தின் வீட்டுச் சுவர் – அந்த நிறத்தைக் கடையில் தெரிவுசெய்து கொடுத்ததே நான். உள்ளேயிருந்து புஸ்பத்தின் குரல்: "தம்பி, சோறு போட்டாச்சு. வா மனே." இவர் திரும்பியபடியே விரலால் தள்ளினார். அடுத்த ஆள் வந்துவிட்டான்.

ஒரு மணித்தியால பஸ் தூரம். நான் கத்தார் முழுக்கத் தேடியிருக்கிறேன். சீ... என்ன மனிசர் இவங்க? அழக்கூட வரல்ல எனக்கு.

18 மார்ச், திங்கள்

டினோஷா கேட்டாள். கிடைக்கவில்லை என்றேன். ஆப்பை அழித்துவிட்டேன்.

10 ஏப்ரல், புதன்

புஸ்பம் போன் எடுத்தார். "தம்பி சித்திரை வருசத்துக்கு லீவில வாறான் மச்சாள். வெளிநாட்டுல கஷ்டப்பட்ட பிள்ளை, பழசை விட்டிருங்க." மூன்று மாதத்தில் லீவு கொடுக்கிற கொம்பனி. ஓம் என்றேன்.

12 ஏப்ரல், வெள்ளி

பெரிய பையோடு வந்தார். பேரீச்சம்பழம், சொக்லேட், தைலம். சொக்லேட் பெட்டியில் ரூபாயில் விலை ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுத்தேன்.

கத்தார் எப்படி என்று கேட்டேன். அரை மணித்தியாலம் சொன்னார், ஒட்டகம்கூட வந்தது. கம்சாயினி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். "லீவு எத்தின நாள்?"

விழித்தார். "இனிப் போகாம இஞ்சயே..." என்று இழுத்தார்.

"அதெப்படி? வேலை கிடக்குதானே. ஒரு மாசம் நிண்டுட்டுப் போங்க."

என் முகத்தையே பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கு விளங்கியிருக்கும். "ஓம், ஒரு மாசம்" என்றார்.

வெளியே போங்க என்று இந்த முறை நான் சொல்லவில்லை.

28 ஏப்ரல், ஞாயிறு

வேலியை அடைத்தார். பிள்ளையை வாவிக்கரைக்குக் கூட்டிப் போனார். நில்லுங்க என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. 'நான் எங்கயும் போகல்ல, கிரான்லதான் கிடந்தன்' – இதை ஒருக்கால் வாய் திறந்து சொன்னால் போதும். பழசை விட்டுவிடுவேன். ஒவ்வொரு நாளும் தேத்தண்ணி கொடுக்கும்போது கொஞ்ச நேரம் பக்கத்தில் நிற்கிறேன். கத்தாரைப் பற்றித்தான் சொல்கிறார்.

12 மே, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மூன்று பேரும் போனோம். அப்பா கத்தாருக்குப் போகிறார் என்று பிள்ளை கையை ஆட்டிக்கொண்டே நின்றாள். அவர் கிரான் பஸ்ஸில் ஏறினார்.