நாலு வயது ஓட்டம்

அன்புள்ள அக்கா,

நீயும் அத்தானும் வாலுவும் சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். போன் பண்ணாமல் மெயிலில் கடிதம் எதற்கு என்று திட்டாதே. பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன். நடுவில் உன்னிடம் வளரும் என் பெண் வாலு போனைப் பிடுங்கிக்கொள்வாள். அவள் மத்தியானம் தூங்கும்போது படி.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. அந்த வீடியோ கேம் கம்பெனி என்னை முதலில் கூப்பிட்டு மூன்று மாதம் ஆகிறது. ஐந்து சுற்று இன்டர்வியூ முடிந்துவிட்டது. மந்திரி பதவிக்குக்கூட இத்தனை கேள்வி இருக்காது. மூன்றாம் சுற்றில் பேசியவர் கடைசிவரை கேமராவைப் போடவே இல்லை. ஒரு மணி நேரம் கறுப்புத் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அடுத்த சுற்றுக்குள் அவர் வேலையை விட்டுவிட்டாராம். புதிதாக வந்தவர், முதலிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். சரி சார் என்றேன். இப்போதெல்லாம் எதற்கும் சரி சார்தான். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாததால்தான் அங்கே வரவும் முடியவில்லை. அடுத்த மாதம் பள்ளி திறக்கிறது, வாலுவை உங்கள் பக்கத்திலேயே சேர்த்துவிடலாமா என்று அத்தான் கேட்டது நியாயம்தான். அவள் அப்பா தவறிப்போன பிறகு அவளைத் தாங்கியது நீங்கள் இருவரும்தான். ஆனால் அங்கே சேர்த்துவிட்டால் அவள் என்னிடம் திரும்பி வரமாட்டாள் அக்கா. பள்ளி திறப்பதற்குள் எனக்கு இந்த வேலை வேண்டும்.

ஐந்தாம் சுற்றில் ஒரு பரீட்சை வைத்தார்கள். விளையாட்டில் வரும் ஆட்களை நடக்க, ஓட வைப்பதுதானே என் பிழைப்பு. அப்பா வீடு திரும்புகிறார். நாலு வயது மகள் ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொள்கிறாள். மூன்று விநாடிக் காட்சி. எனக்கென்றே கொடுத்த மாதிரி இருந்தது. பார்த்துச் செய்ய ஒரு வீடியோவும் தேவைப்படவில்லை, கண்ணை மூடினாலே வாலு ஓடிவந்தாள். ஆறு நாள் உட்கார்ந்து செய்தேன். இத்தனை வருஷத்தில் இவ்வளவு நன்றாக எதையும் செய்ததில்லை.

நேற்று அந்தக் கம்பெனிப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்தார். நல்ல மனிதர், மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ரொம்ப அழகா இருக்கும்மா. ஆனா இது ரெண்டு, ரெண்டரை வயசுக் குழந்தை ஓடுற ஓட்டம். காலை அகட்டி வைக்குது, கையை மேலயே தூக்கி வச்சிருக்கு. நாலு வயசுல இப்படி ஓடாதே."

அதற்கும் சரி சார் என்றேன். நான் வேலை தேடி இங்கே கிளம்பியபோது அவளுக்கு ரெண்டரை வயது, இப்போது நாலு. அதற்குப் பிறகு போனில் உன் மடியில் உட்கார்ந்திருக்கும் முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன். அவள் கால் எப்படி மாறியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஊரார் குழந்தைகளையெல்லாம் ஓட வைக்கிறேன், என் பெண் எப்படி ஓடுவாள் என்று கேட்டால் விழிக்கிறேன்.

வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி அனுப்பச் சொல்லியிருக்கிறார். இதுதான் கடைசி வாய்ப்பு. அதனால் ஒரு உதவி. நாளைக் காலை அவளைக் கூடத்தில் ஓடவிட்டு வீடியோ எடுத்து அனுப்பு. செருப்பு வேண்டாம். தலையிலிருந்து பாதம் வரை தெரிய வேண்டும், அத்தானைத் தரையில் உட்கார்ந்து எடுக்கச் சொல். கட்டிக்கொள்ள ஓடுகிற ஓட்டம் வேண்டும். சும்மா ஓடச் சொன்னால் அது வராது. எதிரே நின்று, அம்மாகிட்ட ஓடி வா என்று யாராவது கூப்பிட வேண்டும்.

நீயே கூப்பிடு அக்கா. அவள் இப்போது உன்னைத்தான் அம்மா என்கிறாள் என்று அத்தான் போன வாரம் வாய்தவறிச் சொல்லிவிட்டார். எனக்குக் கோபமில்லை. அவள் உன்னைப் பார்த்து ஓடட்டும். நான் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறேன்.

அவள் விழாமல் ஓட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உன் தங்கை