வாய் நிறையத் தண்ணீர்

மார்ச் 6

தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகவில்லை. காலையிலேயே மழை. யசவதி அக்கா கையை ஒடித்துக்கொண்டாள். வெல்லப் பாணிக்குச் சாறு இறக்கும் கித்துள் மரத்தடியில் பாசி வழுக்கிவிட்டதாம். வலது மணிக்கட்டு. மாவுக்கட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன்.

"அக்கே, மரத்துக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரரின் அக்கா பிறந்ததிலிருந்தே அப்படித்தான். சிரிப்பைத் தகரப் பேணியில் போட்டு மூடி வைத்துவிடுவாள்.

வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கையில் பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது. அடுத்த மாதம் புது வருஷம். கொண்டைப் பணியாரம் யார் சுடுவது?

மார்ச் 7

எழுதினால் மனசு கொஞ்சம் அடங்கும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கருநாக்குக்காரி. நான் சொல்லவில்லை, ஸ்ரீயானிக்குக் கருநாக்கு என்று ஊர் சொல்கிறது. எண்ணெய் காயும் இடத்தில் என் வாய் திறந்தால் பணியாரம் உடைந்துவிடுமாம். கல்யாணமாகி வந்த முதல் புது வருஷத்தில் ஆரம்பித்தது. மாமியார் எண்ணெய் காயும் தாச்சியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சும்மா இருக்காமல் எட்டிப் பார்த்து, "அடேயப்பா, எண்ணெயை என்னமா குடிக்குது!" என்றேன். அவ்வளவுதான். எண்ணெய் நுரைத்துப் பொங்கியது. உள்ளே இருந்த பணியாரம் சிதறித் தூள் தூளாக மிதந்தது. மாமியார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என் மகன் லஹிருவைவிட ஒரு வயசு கூட.

அன்றிலிருந்து பணியாரம் சுடுகிற நாளில் என்னைக் கடைசித் தேயிலை வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள். அரிசி இடிப்பது நான். பாணி காய்ச்சுவது நான். தாச்சி வரைக்கும் எல்லாம் என் வேலை, தாச்சி மட்டும் யசவதி அக்காவுக்கு. இரண்டு வீட்டுக்கும் அவள்தான் சுடுவாள். பக்கத்து வீட்டு மல்லிகாகூட அடுப்பில் எண்ணெய் வைத்திருந்தால் என்னைக் கண்டதும் கதவைச் சாத்துவாள். "அக்கே, இன்னைக்கு வேணாம், நாளைக்கு வாங்களேன்" என்பாள். "நீ ஏன் சாத்துறே? என் வாய்க்கு ஒரு கதவு செய்யத் தச்சன்கிட்ட சொல்லியிருக்கேன்" என்பேன் நான். அவளும் சிரிப்பாள், நானும் சிரிப்பேன்.

மாமியார் கண் மூடும்வரை என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். பணியாரம் மட்டும் கேட்டதில்லை.

இந்த வருஷம் லஹிருவின் பெண்சாதி தினுஷிக்கு இந்த வீட்டில் முதல் புது வருஷம். அவள் அம்மா வீட்டுக்குப் பலகாரத் தட்டு போக வேண்டும். கடையில் வாங்கிய பணியாரமா? என் வீட்டுக்காரர் விமலசேன சரி என்பார். அவர் எதற்குத்தான் சரி என்று சொல்லவில்லை.

மார்ச் 10

தினுஷியிடம் கருநாக்குக் கதையைச் சொன்னேன். நன்றாகச் சிரித்தாள். டவுன் பிள்ளை. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நிஜமான்னு யாராவது பாத்தாங்களாம்மா?" என்று கேட்டாள்.

யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. ஊரில் எந்தப் பசு யார் வயலில் மேய்ந்தது என்றுகூட விசாரித்து வைத்திருப்பவள் நான். என் நாக்கை விசாரிக்கவில்லையே! ஏன்? நிஜமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமா?

மார்ச் 16

விசாரித்தேன்.

வீட்டுக்காரர் பாணி காய்ச்சும் கொட்டிலில், யாரும் இல்லாத நேரம். ஊற வைத்த அரிசியை அவசரமாக வடித்து, இடித்து, பாணியில் குழைத்தேன். சின்னத் தாச்சியில் எண்ணெய். காய்ந்ததும் பேச ஆரம்பித்தேன். "நீ என்ன அவ்வளவு பெரிய எண்ணெயா? ரெண்டு வார்த்தை தாங்க மாட்டியா?" ஒரு கரண்டி மாவு விட்டேன். "அடேயப்பா, என்னமா குடிக்குது!"

பொங்கியது. நுரைத்தது. உடைந்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்போ நிஜம்தானா? இவ்வளவு நாளும் மல்லிகா சாத்தினது நியாயமா?

விமலசேன பாணிக் குடுவையோடு உள்ளே வந்தார். "யார்கிட்ட பேசிட்டிருந்தே?"

"எண்ணெய்கிட்ட."

"பதில் சொல்லிச்சா?"

"நுரைச்சிச்சு."

உடைந்த தூளை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். "ருசி நல்லாத்தான் இருக்கு. உன் நாக்கு அது வரைக்கும் போகல போல."

மார்ச் 17

மிச்சமிருந்த மாவில் மறுபடியும் சுட்டேன். இன்றைக்கு வாயைத் தைத்துக்கொண்ட மாதிரி. இருமல் வந்தபோது வெளியே ஓடிப் போய் இருமினேன். ஒரு எழுத்துகூடப் பேசவில்லை.

அதுவும் உடைந்தது! அதே நுரை.

பேசினாலும் உடைகிறது, பேசாவிட்டாலும் உடைகிறது. இரண்டுக்கும் பொது என்ன? நான். அப்புறம்? மாவு.

மார்ச் 21

அரிசியை நன்றாக வடியவிட்டு, நிழலில் துணிமேல் பரத்தி, கையில் ஒட்டாத பதம் வந்த பிறகு இடித்தேன். இரண்டு தரம் சலித்தேன். பாணியில் குழைத்து இரவெல்லாம் மூடி வைத்தேன்.

இன்று பேசினேன். சாதாரணப் பேச்சில்லை. சொல்லக்கூடாதது எல்லாவற்றையும் சொன்னேன். குடிக்குது என்றேன், பொங்கப் போகுது என்றேன், கொண்டை விழப் போகுது என்றேன். மல்லிகாவின் பெரிய மகனின் நடத்தைபற்றிக்கூடச் சொன்னேன்.

பணியாரம் தன் பாட்டுக்கு உப்பியது. நடுவில் ஈர்க்குக் குச்சியைக் குத்தித் திருப்பித் திருப்பி எண்ணெயை மேலே ஊற்றினேன். கொண்டை எழும்பியது. ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் எழும்பியது, கள் குடித்த ஆள் மாதிரி. ஆனால் நின்றது.

ஈர மாவு. வேறொன்றுமில்லை. தண்ணீர் கொதிக்கிற எண்ணெயில் சண்டை போடுகிறது, பழி என் நாக்குக்கு.

சந்தோஷமாக இருக்க வேண்டும். ஆனால் வேறொன்று அரிக்கிறது. அந்த முதல் வருஷம் நான் புது மருமகள். உலக்கையை என் கையில் யாரும் கொடுக்கவில்லை. அப்போ அந்த மாவை யார் இடித்தது?

மார்ச் 22

கண்டுபிடித்ததை யாரிடம் சொல்வது? சாட்சி விமலசேன ஒருவர்தான். "என்னை எவ நம்புவா?" என்கிறார். அதுவும் சரிதான்.

மார்ச் 28

யசவதி அக்காவிடம் போனேன். "உங்க கை எப்ப சரியாகும்னு தெரியல. இந்த வருஷம் நான் சுடுறேன். நீங்க பக்கத்தில உக்காந்து சொல்லுங்க" என்றேன்.

தினுஷியின் வீட்டுத் தட்டு அவளுக்கும் மானப் பிரச்சினைதான்.

"சுடலாம் நங்கி. ஆனா வாயில தண்ணி வச்சுக்கோ" என்றாள், தங்கச்சியிடம் சொல்கிற மாதிரி.

"என்ன?"

"வாய் நிறைய. முழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது. அப்பத்தான் பேச முடியாது."

நான் கத்தியிருக்க வேண்டும். கொட்டிலில் நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். பயந்துபோயிருந்தாள். பணியாரத்துக்குப் பயந்த மாதிரி இல்லை. வேறெதற்கோ.

"சரி அக்கே. குளிர்ந்த தண்ணியா, சுடுதண்ணியா?" என்று மட்டும் கேட்டேன்.

ஏப்ரல் 2

தினுஷி குமட்டிச் சத்தி எடுத்தாள். ரெண்டாவது நாளாக. நான் ஒன்றும் கேட்கவில்லை. என்னால் கேட்காமல் இருக்க முடிகிறது என்று எனக்கே இன்றுதான் தெரிந்தது.

ஏப்ரல் 9

சுட்டாச்சு.

மாவு என் கை மாவு, கொட்டில் பதம். காலையில் குளித்து, அடுப்படியைச் சாணம் போட்டு மெழுகி உட்கார்ந்தேன். யசவதி அக்கா சொம்பை நீட்டினாள். வாய் நிறைய வாங்கிக்கொண்டேன். கன்னம் இரண்டும் உப்பிப் பணியாரம் மாதிரி ஆகிவிட்டது. தினுஷி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். மல்லிகா வாசலில் நின்று பார்த்தாள். அவளுக்கு இது திருவிழா.

முதல் பணியாரத்தை ஈர்க்கில் குத்தி அடுப்புக்கு மேலே சொருகினாள் யசவதி அக்கா. கண் படுவதெல்லாம் அதன்மேல் படட்டும் என்று. பிறகு ஒவ்வொன்றாக விட்டேன். அவள் மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தாள். "குத்து... திருப்பு... எண்ணெயை மேல ஊத்து... இப்ப இன்னும் கொஞ்சம் மாவு." அவள் இடது கை காற்றிலே திருப்பிக்கொண்டிருந்தது. சுட்டது நான், ஆனால் சுடுகிற கை அவளுடையது.

எத்தனையாவது என்று தெரியாது, ஒன்று எழும்பியது பாருங்கள். சாயாமல் கொள்ளாமல், நேராக, புத்த கோயில் தாதுகோபத்தின் கூர் மாதிரி. யசவதி அக்கா தன்னை மறந்துவிட்டாள்.

"ஐயோ, என்ன அழகா எழும்புது! எண்ணெயை என்னமா குடிச்சுட்டு நிக்குது!"

மல்லிகாவின் வாய் திறந்தபடி நின்றது. யசவதி அக்கா மாவுக்கட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் தாச்சியைப் பார்த்தோம்.

தாச்சி பேசாமல் இருந்தது. பணியாரம் பொன்னிறமாக நின்றது.

தினுஷிதான், பாவம், விஷயம் தெரியாமல், "அத்தை, இப்ப நீங்க சொன்னீங்களே, ஒண்ணும் ஆகலையே?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வாயில் தண்ணீர், முன்னால் கொதிக்கிற எண்ணெய்! கரண்டியைத் தினுஷி கையில் திணித்துவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடினேன். வாழைமரத்தின் மேல் அத்தனையும் பீச்சினேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். கொஞ்சம் அழுதிருக்கலாம். வாழைமரத்துக்குத்தான் தெரியும்.

திரும்பி வந்தபோது யசவதி அக்கா சொம்பை மறுபடி நீட்டவில்லை. மல்லிகாதான் எடுத்து நீட்டினாள். வாங்கி நிரப்பிக்கொண்டேன். கடைசிவரை அப்படியே சுட்டேன்.

ஏப்ரல் 10

பெரிய மண் சட்டியில் பணியாரத்தை அடுக்கி வாய் கட்டினேன். யசவதி அக்கா ஒற்றைக் கையால் அச்சுப் பலகாரம் கொக்கிஸுக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கே, நான் வந்த வருஷம் பெரிய மழை இல்ல?"

"எந்த வருஷம்?"

"எண்ணெய் பொங்கின வருஷம். அந்த மாவை யார் இடிச்சது?"

சல்லடை நின்றது. பிறகு ஓடியது. "உப்பு போட்டியா இதில?" என்று கேட்டாள்.

போட்டேன் என்றேன். விட்டுவிட்டேன்.

நினைத்துப் பார்க்கிறேன். அந்த வருஷம்தான் அவளை மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருவதாக இருந்தது. மாவு இடிக்கத் தெரியாத பெண் என்று மாமியார் வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளியே போயிருந்தால்? அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு வாயாடி நின்றாள். வசதியாகப் போயிற்று. நான் அவளாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? வாயைத் திறந்து எல்லாம் உளறியிருப்பேன், கல்யாணமும் நின்றிருக்கும். சரி.

ஊரில் இப்போது புதுப் பேச்சு: ஸ்ரீயானி வாயில் தண்ணீர் வைத்தால் தோஷம் தட்டாதாம். பெருமை தண்ணீருக்குப் போய்விட்டது!

ஏப்ரல் 13

வருஷம் மாறும் நேரம். அடுப்பு அணைந்திருக்கிறது. ஒரு வேலையும் செய்யக்கூடாதாம். எழுதுவது வேலையா?

ஏப்ரல் 14

பச்சை உடுத்தி, வடக்குப் பார்த்து, நல்ல நேரத்தில் அடுப்பு மூட்டினேன். பால் பொங்கிக் கிழக்கே வழிந்தது. பால்சோறு, வாழைப்பழம், பணியாரம். தினுஷி இரண்டு கொண்டையைக் கடித்துவிட்டுக் கீழ்ப்பக்கத்தை லஹிரு தட்டில் போட்டாள். சரியான கள்ளி.

ஏப்ரல் 19

சம்பந்தி வீட்டுக்குத் தட்டு கொண்டுபோனோம். தினுஷியின் அம்மா பணியாரத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கொண்டை எப்படி இப்படி நிக்குது? யார் சுட்டது?"

"எங்க அம்மா" என்றாள் தினுஷி. அவள் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த நேரம் ஒரு பகிடிப் பேச்சும் வாயில் வரவில்லை.

மே 11

வெசாக் பண்டிகை நெருங்குகிறது. மூங்கில் குச்சி சீவி விளக்குக்கூடு கட்டிக்கொண்டிருந்தோம். தினுஷி வெள்ளைத் தாளை ஒட்ட, நான் தாளில் வால் நறுக்கினேன். நடுவில் பசையைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, பணியாரம் வேணும்" என்றாள். புது வருஷமும் இல்லை, ஒன்றும் இல்லை. வயிற்றில் இருப்பவர் கேட்கிறார்.

மாவு காய வைத்தது இருந்தது. மத்தியானம் தாச்சியை ஏற்றினேன். மணம் எட்டிவிட்டது போல, மல்லிகா வாசலுக்கு வந்துவிட்டாள். "அக்கே, தண்ணி வாயில இருக்கா?" என்று வெளியில் நின்றே கேட்டாள். சொம்பைப் பார்த்தேன். எடுக்கலாமா வேண்டாமா என்று இருந்தது.

யசவதி அக்கா வந்தாள். கட்டு அவிழ்த்து இரண்டு வாரம். தாச்சியை அவள் கையில் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று எழுந்தேன். அவள் என் தோளைத் தொட்டு உட்கார வைத்தாள். சொம்பை எடுத்தாள். தானே வாய் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு என் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தாள்.

மல்லிகா உள்ளே ஒரு காலை வைத்தாள். "யசவதி அக்கே, நீங்க எதுக்கு?"

யசவதி அக்கா கன்னம் உப்ப, கண் கலங்க, என்னைக் காட்டினாள். தாச்சியைக் காட்டினாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுத் தலை குனிந்துகொண்டாள்.

"அக்கே, துப்பிருங்க. கன்னம் வெடிச்சிரும்" என்றேன். தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று.

மல்லிகா அடுப்படிக்குள் வந்து அமர்ந்தாள். எண்ணெய் காய்ந்தது. முதல் கரண்டி மாவை விட்டேன். மழையைப்பற்றி, கொழுந்தைப்பற்றி, மல்லிகாவின் மகனைப்பற்றி, கடைசிப் பணியாரம்வரை பேசிக்கொண்டே சுட்டேன்.