மூன்று விநாடி

ஏங்க,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அக்கா வீட்டில் நன்றாகப் படுத்து எழுந்திருங்கள். நாடகம் நடக்கிறது. என் ஒலியோடு உங்கள் விளக்குகளையும் நானே பார்த்துக்கொள்கிறேன். பார்க்க என்ன இருக்கிறது, பாட்டு தொடங்கினாலும் முடிந்தாலும் கணினியே விளக்கை மாற்றிவிடுகிறது.

கடைசிப் பாட்டு முடிந்த பிறகும் விளக்கு அணையாமல் கதாநாயகி மேலேயே நிற்குமே, நினைவிருக்கிறதா? இயக்குநர் எல்லார் முன்னாலும் என்னைத்தான் கேட்டார். "பாட்டு ஏம்மா முன்னாடியே நின்னுடுது?" நீங்களோ, "மெஷின் கோளாறு, நீ கொஞ்சம் நீட்டிப் பாரேன்" என்றீர்கள். நான்கு முறை நீட்டினேன். எவ்வளவு நீட்டினாலும் விளக்கு பிந்தித்தான் அணைந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நேற்றுக் காலை உங்கள் விளக்குப் பட்டியலைத் திறந்தேன். மற்ற எல்லா மாற்றங்களுக்கும் தாமதம் பூஜ்யம். அந்த ஒன்றுக்கு மட்டும் மூன்று விநாடி, கையால் போட்டது.

அதை நான் அழிக்கவில்லை.

பாட்டு முடியும் நேரத்தில் எப்போதும் கணினியில் குனிந்திருப்பேன். நேற்று நிமிர்ந்திருந்தேன். பாட்டு நின்றதும் கதாநாயகி பழக்கத்தில், நாம் இருவரும் உட்காரும் கண்ணாடி அறையைப் பார்த்துச் சிரித்தாள். அங்கே நான் உட்கார்ந்திருந்தேன். சிரிப்பு அணைந்தது, விளக்கு அணையவில்லை. மூன்றை முப்பதாக்கி வைத்திருந்தேன்.

முப்பது விநாடி எவ்வளவு நீளம் என்று இந்நேரம் அவளே உங்களிடம் சொல்லியிருப்பாள். இயக்குநரும் கேட்டார். மெஷின் கோளாறு என்றேன்.

மாத்திரையை மறக்காதீர்கள்.

இப்படிக்கு,
பாட்டை நீட்டிக் கொடுத்தவள்